பாய்லர் சாம்பலைத் தூசி கிளப்பாமல் அள்ளுவது

காங்கேயம் பக்கத்தில் தேங்காய்த் தொட்டிக்கு, அதாவது சிரட்டைக்கு, பஞ்சம் இல்லை. சுற்றிலும் உலர்களங்களும் எண்ணெய் ஆலைகளும் இருப்பதால், கேஸ் அடுப்பும் மின்சார ஹீட்டரும் வந்த பிறகும் பல வீடுகளின் பொடக்காளியில் (புழக்கடையில்) வெந்நீர் காய்ச்சும் செம்புப் பாய்லர் இன்னும் நிற்கிறது. எங்கள் வீட்டிலும் விடிகாலையில் அதுதான் எரிகிறது. நடுக்குழாயில் நாலைந்து தொட்டியைப் போட்டுப் பற்றவைத்தால் வீட்டில் எல்லாருக்கும் வெந்நீர் கிடைத்துவிடும். பாய்லரை எப்படிப் பற்றவைப்பது, எந்த விறகு நின்று எரியும், எது புகையும் என்றெல்லாம் சொல்லித்தர ஊரில் ஆள் உண்டு. அதன் அடிவாயில் சேரும் சாம்பலை எப்படி அள்ளுவது என்று யாரும் சொல்லித்தருவதில்லை. அதைத் தினமும் அள்ளுகிறவர் பெரும்பாலும் வீட்டின் வயதான பெண்மணி என்பதால், அதில் கவனிக்க ஏதும் இருப்பதாகவே மற்றவர்களுக்குத் தோன்றுவதில்லை.

என் அம்மாவுக்கு மூச்சிளைப்பு உண்டு. காலையில்தான் அது அதிகம். புகைதான் காரணம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். காலையில் என்னென்ன வேலை செய்வீர்கள் என்று மருத்துவர் விசாரித்தபோதுதான் சாம்பல் அள்ளும் நேரத்துக்கும் இருமல் தொடங்கும் நேரத்துக்கும் உள்ள நெருக்கம் தெரியவந்தது. அதன்பின் அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். "சாம்பல நானே அள்ளிக்கறேன் கண்ணு, நீ போய் உன் சோலியப் பாரு" என்று அம்மா இன்றும் சொல்லத்தான் செய்கிறார்.

சாம்பலில் கண்ணுக்குத் தெரிகிற பொடி நமக்குப் பெரிய தொல்லை இல்லை. அது சிறிது நேரத்தில் தரையில் படிந்துவிடும். கெடுதல் செய்வது அதனுடன் கலந்திருக்கும் மிக நுண்ணிய துகள்தான். மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) என்றால், நுரையீரலின் ஆழம் வரை போகக்கூடிய துகளின் அளவு 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவும். அடைப்பான இடத்தில் இது மணிக்கணக்கில் காற்றிலேயே மிதந்துகொண்டிருக்கும். விறகுச் சாம்பல் காரத்தன்மை உடையது. ஈரம் பட்டால் அந்தக் காரம் வெளிப்படும். கண்ணிலும் மூக்கிலும் தொண்டையிலும் ஈரம் இருப்பதால்தான் சாம்பல் பட்ட இடம் எரிகிறது. ஆகவே சாம்பல் பறந்த பிறகு துடைப்பதைப் பற்றி யோசிப்பதைவிட, அது பறக்காமலே இருக்க என்ன செய்யலாம் என்று யோசிப்பதுதான் பயன்தரும்.

சாம்பல் மேலெழுவதற்கு இரண்டே காரணங்கள்: ஒன்று, அது விழுகிற உயரம், மற்றொன்று, அங்கே ஓடுகிற காற்று. இடுப்பு உயரத்திலிருந்து கரண்டியை வாளிக்குள் கவிழ்த்துப் பாருங்கள். விழுகிற சாம்பல் வாளிக்குள் இருக்கும் காற்றை வெளியே தள்ளும், அந்தக் காற்று விளிம்பைச் சுற்றி மேலே வரும்போது நுண்பொடியைச் சுமந்துகொண்டு நேராகக் குனிந்திருப்பவரின் முகத்துக்கு வரும். தாவாரத்து ஓட்டின் இடுக்கு வழியாகக் காலை வெயில் விழும் நேரத்தில் இது தெளிவாகத் தெரியும்; வெளிச்சம் பட்ட இடத்தில் மட்டும் வெண்பொடி சுழன்று ஏறுவதும், வாளியை எடுத்துப் போய் வெகுநேரம் ஆன பிறகும் அது அங்கேயே நிற்பதும் எந்த விளக்கமும் இல்லாமல் புரிந்துவிடும்.

காற்று விஷயத்தில் கொங்கு நாட்டுக்காரர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்தில் திறந்திருக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக, ஆனி ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வரும் மேல்காற்று பல்லடம், உடுமலை, தாராபுரம் என்று இந்தப் பக்கம் முழுவதையும் அடித்துத் தள்ளுகிறது. காற்றாலைகள் இங்கே வரிசை கட்டி நிற்பதற்குக் காரணமான அதே காற்றுதான் சாம்பல் வாளியையும் காலி செய்கிறது. மேற்குப் பார்த்த தாவாரத்தில் பாய்லர் இருந்தால், அள்ளுகிற சாம்பலில் ஒரு பங்கு ஆசாரம் (வீட்டின் கூடம்) வரை வந்து சேரும். பொழுது ஏற ஏறக் காற்று வலுப்பதால், விடியும் முன், அன்றைய நெருப்பைப் பற்றவைப்பதற்கு முன்னரே முந்தைய நாள் சாம்பலை அள்ளிவிடுவது நல்லது. முழுதாக ஒரு நாள் ஆறியிருக்கும் என்பது இதில் இன்னொரு வசதி.

ஆனால் ஆறிவிட்டது என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. தேங்காய்த் தொட்டிக் கரி அடர்த்தியானது. மேலே வெளுத்த சாம்பல் மூடியிருக்க, உள்ளே கங்கு வெகுநேரம் உயிரோடு இருக்கும். சாம்பல் தானே கங்குக்குப் போர்வையாகி வெப்பத்தை வெளியே விடாமல் காக்கிறது. குவித்து வைத்த சாம்பலில் நாட்கணக்கில்கூடக் கங்கு அணையாமல் இருப்பது உண்டு. எருக்குழிக்குப் பக்கத்திலேயே சோளத்தட்டுப் போர் போட்டிருக்கும் தோட்டங்களில், ஆடிக் காற்றில் ஒரு பொறி என்ன செய்யும் என்பதை விவசாயிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. பிளாஸ்டிக் வாளி, அட்டைப்பெட்டி, சாக்கு ஆகியவற்றில் சாம்பலைப் போடவே கூடாது. மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு, மூடி, சுவரையும் விறகையும் விட்டுத் தள்ளி வெறும் தரையில் வைத்துச் சில நாள் கழித்தே குழிக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த வாளியை வீட்டுக்குள் வைக்கக் கூடாது. கங்கு இருந்தால் கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை.

குளிர்நாடுகளில் வீட்டுக்குள்ளேயே நிலக்கரி அடுப்பு வைத்திருப்பவர்கள் செய்யும் ஒன்றை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். அவர்கள் அடுப்பின் கதவை மூடி, புகைபோக்கியின் வழியை மட்டும் திறந்துவைத்து, கரியைத் தாங்கும் அடிக்கம்பியை ஆட்டுவார்கள். எழும்பும் தூசியைப் புகைபோக்கி மேலே இழுத்துக்கொள்ளும். தூசி அடங்கும் வரை பொறுத்திருந்து, பிறகே சாம்பல் தட்டை வெளியே எடுப்பார்கள். நம் பாய்லரிலும் நடுக்குழாய்தான் புகைபோக்கி. மேல்மூடியை எடுத்துவிட்டு, அடிவாயை ஒரு தகரத்தால் மறைத்து, மேலிருந்து நீளக் கம்பியை விட்டுக் கம்பித்தட்டை மெதுவாகத் தட்டினால், சாம்பல் கீழே இறங்கும். தூசி உள்ளேயே அடங்கும். கம்பியை விடும்போது முகத்தைக் குழாய்க்கு நேராக வைக்கக் கூடாது. ஐந்து நிமிடம் கழித்துத் தகரத்தை எடுக்கலாம்.

அள்ளும்போது வாளியை அடிவாய்க்கு ஒட்டியே வைக்க வேண்டும். அகலமான தட்டைக்கரண்டியை அரைப் பங்குக்கு மேல் நிரப்பாமல், வாளியின் அடிவரை இறக்கி, அங்கே சாய்த்துச் சரிய விட வேண்டும். கொட்டக் கூடாது, தட்டவும் கூடாது. பிழிந்த ஈரச் சாக்கை வாளியின் வாயில் பாதிக்கு மேல் போர்த்தி, கரண்டி நுழைய மட்டும் இடம் விட்டால், மேலே வரும் பொடி சாக்கில் ஒட்டிக்கொள்ளும். முடிந்ததும் சாக்கை எடுத்துவிட்டு வாளியை மூடியால் மூட வேண்டும்.

தண்ணீர் தெளித்து அள்ளினால் எளிதல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. சூடு இருக்கும் சாம்பலில் தண்ணீர் பட்டால் எழும் ஆவியே பொடியைத் தூக்கிக்கொண்டு வரும், கையையும் சுடும். ஆறிய சாம்பலாக இருந்தாலும், நனைந்தால் காரநீராகிக் கம்பித்தட்டின் மேல் பசையாக ஒட்டிக்கொள்கிறது. அலுமினியப் பாத்திரத்தையும் துத்தநாகப் பூச்சு போட்ட வாளியையும் அந்தக் காரம் அரித்துவிடும். ஈரம் சாக்கில் இருந்தால் போதும்.

தரையில் சிந்தியதைக் காய்ந்த சீமாறால் கூட்டுவது, அதுவரை எடுத்த பாடு முழுவதையும் வீணாக்கிவிடும். பொள்ளாச்சிப் பக்கத்தில் மலைபோல் கிடக்கும் தென்னை நார்க்கழிவில் ஒரு கைப்பிடியைப் புட்டு மாவுப் பதத்துக்கு நனைத்துத் தரையில் தூவி, அதோடு சேர்த்துக் கூட்டினால் தூசி எழும்பாது. வீட்டு வேக்குவம் கிளீனரைச் சாம்பலுக்குப் பயன்படுத்த வேண்டாம். அதன் பை நுண்பொடியைப் பிடிக்காமல் பின்வழியாக அறைக்குள்ளேயே ஊதிவிடும். ஒரு கங்கு போனால் பையே பற்றும். முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வதால் பெரிய பலன் இல்லை. என்95 முகக்கவசம் 0.3 மைக்ரான் துகளில் குறைந்தது 95 விழுக்காட்டைத் தடுக்கும், அதுவும் மூக்கோரம் இடைவெளி இல்லாமல் பொருந்தினால்தான்.

எல்லாச் சாம்பலும் ஒன்றல்ல. தொட்டியிலும் விறகிலும் சாம்பல் குறைவு. இந்திய நிலக்கரியிலோ எடையில் 30 விழுக்காட்டுக்கு மேல்கூடச் சாம்பல் மிஞ்சுவது உண்டு. அதில் சிலிக்கா என்னும் மணற்சத்தும் சிறிதளவு கன உலோகங்களும் இருக்கும். நெல் உமிச் சாம்பலிலும் பெரும்பங்கு சிலிக்காதான். பட்டறைகளில் நிலக்கரி எரித்த சாம்பலைச் சும்மா கிடைக்கிறது என்று வாங்கிவந்து பாத்திரம் துலக்குவதையும் கீரைப்பாத்தியில் போடுவதையும் நான் கண்டால் கட்டாயம் தடுப்பேன்.

விறகுச் சாம்பலில் பொட்டாஷும் சுண்ணாம்பும் உண்டு என்பதால் அது உரம்தான். ஆனால் சுண்ணாம்பு கலந்த காரமண் நம் பக்கத்தில் நிறைய. புளிப்பு (அமில) மண்ணுக்குச் சொன்ன அளவை இங்கே போட்டால் மண் கெடும். எருக்குழியில் அடுக்கடுக்காக, மெல்லிசாகத் தூவி மக்கவிடுவதே ஏற்றது. அம்மோனியம் சல்பேட் உரத்துடன் கலக்கவே கூடாது, தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும்.

அவரைப் பந்தலில் அசுவினிப் பூச்சி விழுந்தால் சாம்பல் தூவுவது நம் பழக்கம். அதையும் இலையில் பனி ஈரம் இருக்கும் காலையிலேயே செய்ய வேண்டும், அப்போதுதான் பொடி ஒட்டும். மெல்லிய வேட்டித்துணியில் சாம்பலை முடிந்து, இலைக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்துத் தட்டினால் வேண்டிய அளவே விழும். காற்று முதுகில் படும்படி நின்று தூவ வேண்டும். தலைக்கு மேல் இருக்கும் கொடிக்குத் தூவவே வேண்டாம்.