பூம்பாறையில் தேருக்கு இரண்டு வடம்

கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் போகும் சாலையில், இருபது கிலோமீட்டருக்குள் ஒரு வளைவில் வண்டிகள் வரிசையாக நிற்கும். கீழே பள்ளத்தாக்கு. அதன் சரிவில் ஓட்டு வீடும் தகர வீடுமாக நெருக்கியடித்துக்கொண்டு ஓர் ஊர், பூம்பாறை. ஊரைச் சுற்றிப் படிப்படியாக இறங்கும் வயல்கள். போட்டோ எடுத்துக்கொண்டு மன்னவனூர் ஏரிக்குப் புறப்பட்டுவிடுகிறவர்களே அதிகம். அந்த வீடுகளுக்கு நடுவில் குழந்தை வேலப்பர் குடியிருக்கிறார் என்று தெரிந்தவர்கள்தான் ஊருக்குள் வண்டியைத் திருப்புகிறார்கள்.

பழனி ஆண்டவரைக் கும்பிட்டு வளர்ந்தவன் நான். பழனிக்கும் பூம்பாறைக்கும் உள்ள உறவைப் பெரியவர்கள் சொல்லித்தான் முதலில் கேட்டேன். சித்தர் போகர் நவபாஷாணத்தால், அதாவது ஒன்பது பாஷாணங்களின் கலவையால், பழனி மூலவரைச் செய்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதே போகர் பழனிக்கும் பூம்பாறைக்கும் இடையே இருந்த நாளில் இன்னொரு முருகன் திருமேனியும் செய்தார், அதுதான் பூம்பாறையில் இருப்பது என்பது மலைமக்களின் நம்பிக்கை. இன்றைக்கும் இந்தக் கோயில் பழனி தேவஸ்தானத்தின் உபகோயிலாகவே இருக்கிறது. ஆக, கீழே ஒருவர், மேலே ஒருவர். கீழே இருப்பவர் கோபித்துக்கொண்டு, கோவணத்தோடு வீட்டை விட்டு வந்த ஆண்டி. மேலே இருப்பவர் குழந்தை. இந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பழனியில் நாம் ஆண்டவரிடம் கேட்கிறோம். பூம்பாறையில் ஊரே சேர்ந்து ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறது.

குழந்தை என்ற பெயருக்கு ஒரு கதை இருக்கிறது. அருணகிரிநாதர் இந்த மலைக்கு வந்து, இரவில் கோயில் மண்டபத்தில் படுத்துவிட்டார். அவரைக் கொல்ல ஒரு ராட்சசி வந்தாள். முருகன் குழந்தையாக வந்து அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டான். இருட்டில் பார்த்தவள், தாயும் பிள்ளையும் தூங்குகிறார்கள் என்று நினைத்து விலகிப்போனாள். ராட்சசியின் மனத்தில்கூட ஒரு தாய்க்கு இடமிருந்தது என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம். அவர் பாடிய திருப்புகழில் பூம்பறை என்ற பெயரில் இந்த ஊருக்கு ஒரு பாட்டு இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் பாடிய அருணகிரியாருக்கு இந்த மலைமுடுக்கு தெரிந்திருக்கிறது என்றால், கொடைக்கானல் என்ற சுற்றுலா ஊர் பிறப்பதற்கு நானூறு ஆண்டு முன்பே இங்கே சாமியும் ஊரும் இருந்திருக்கின்றன என்றுதானே பொருள்?

அந்தக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வார்டு என்ற ஆங்கிலேய அதிகாரி பழனிமலையை அளக்க வந்தது 1821இல். அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டியது 1845இல். ஏரியை உண்டாக்கியது 1863இல். வழிகாட்டிகள் சொல்லும் வரலாறு பெரும்பாலும் இதற்குள்ளேயே முடிந்துவிடும். ஆனால் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, வில்பட்டி போன்ற மேல்மலை ஊர்கள் அதற்கு மிகவும் முந்தியவை. பளியர்களும் புலையர்களும் இம்மலையின் ஆதிக்குடிகள். பிறகு வந்தவர்கள் குன்னுவர்கள். பஞ்சத்தாலோ சண்டையாலோ தாராபுரம், காங்கேயம் பக்கமிருந்து மலையேறி, காடு திருத்திக் குடியமர்ந்தவர்கள் இவர்கள் என்று பழைய மதுரை மாவட்டப் பதிவுகள் சொல்கின்றன. தப்பிப் பிழைக்க வந்தவர்கள் ஒரு குழந்தைச் சாமியைச் சுற்றி வீடு கட்டிக்கொண்டார்கள் என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

ஊர் இருக்கும் இடம் அப்படி. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரம். மேற்குத்தொடர்ச்சி மலை கிழக்கே நீட்டிய கைதான் பழனிமலை. அதன் மேல்மலைப் பகுதியில் ஒரு மடிப்புக்குள் பூம்பாறை உட்கார்ந்திருக்கிறது. சமதளம் என்று சொல்ல ஒரு விளையாட்டுத் திடல் அளவு கிடைப்பதே அபூர்வம். அதனால் வயலுக்கு விடவேண்டிய மண்ணில் வீட்டைக் கட்டி வீணாக்கவில்லை. ஒரு வீட்டின் வாசலும் இன்னொரு வீட்டின் கூரையும் ஒரே உயரத்தில் இருக்கிற அளவுக்கு அடுக்கிவிட்டார்கள். சந்துகள் எல்லாம் படிக்கட்டுகள். காலையில் வெயில் எதிர்மலையில் விழுந்த பிறகும் ஊர் வெகுநேரம் நிழலிலேயே கிடக்கிறது. நான் போன அன்று பத்து மணிக்கும் மூடுபனி கோயிலைவிட்டு இறங்கவில்லை. பிரகாரக் கல்லில் வெறுங்காலை வைத்ததும் குளிர் முழங்கால் வரை ஏறியது. அர்ச்சகர் கற்பூரத்தைக் காட்டினார். அந்த வெளிச்சத்தில் முகம் தெரிந்தது; அலங்காரத்துக்குள்ளிருந்து ஒரு சிறு பிள்ளை பார்ப்பதாகவே எனக்கு இருந்தது. என்ன வேண்டிக்கொள்ள நினைத்து வந்தேனோ, ஒன்றும் வாயில் வரவில்லை. "நல்லா இருப்பா" என்று சாமியிடமே சொல்லிவிட்டேன்.

என் பக்கத்தில் நின்ற அம்மா தட்டில் காசு போட்டபோது அவர் கையிலிருந்து பூண்டு வாசனை வந்தது. விபூதி, சாம்பிராணி, பூண்டு மூன்றும் கலந்த வாசனை வேறெந்தச் சன்னதியிலும் எனக்கு வாய்த்ததில்லை. பூம்பாறையில் பூண்டைத் தவிர்த்து எதையும் பேச முடியாது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குக் காரணமான ஊர்களில் இது முக்கியமானது. பல்லை உரித்தால் காரம் கண்ணைத் தொடும். நாள்பட வைத்திருந்தாலும் கெடாது. வீட்டுக்குள் பரணில் கட்டுக்கட்டாகத் தொங்கவிட்டு, அடியில் புகை போட்டு உலர்த்துகிறார்கள். ஒரு வீட்டில் எட்டிப் பார்க்கச் சொன்னார்கள். கரி படிந்த உத்தரத்தில் தாளோடு முடிந்த பூண்டுக் கட்டுகள் நெருக்கமாகத் தொங்கின; கீழே தணல் புகைந்துகொண்டிருந்தது. விளைச்சலில் பெரும்பங்கு பெரியகுளம் அருகே வடுகபட்டிச் சந்தைக்கு இறங்குகிறது. வண்டி போகாத வயல்களிலிருந்து சாலைவரை மூட்டை சுமப்பது குதிரைகள். உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸும் உண்டு. என்றாலும் மழை தப்பினால் ஊர் முதலில் கவலைப்படுவது பூண்டுக்காகத்தான்.

தரிசனம் முடிந்து வெளியே வந்தபோது திண்ணையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். தலையில் மப்ளர், தோளில் கம்பளி.

"கும்பிட்டாச்சா தம்பி? தேருக்கு வந்திருக்கீகளா?"

"இல்லைங்க ஐயா, வந்ததில்லை."

"தேரைப் பாக்காம பூம்பாறையப் பாத்தேன்னு சொல்லக்கூடாது" என்று தொடங்கினார்.

தைப்பூசம் முடிந்து, தை மாதக் கடைசி அல்லது மாசித் தொடக்கம் வாக்கில் கேட்டை நட்சத்திரத்தில் வரும் தேரோட்டம் அது. மற்ற ஊர்த் தேருக்கு முன்னால் மட்டும் வடம் இருக்கும். பூம்பாறைத் தேருக்குப் பின்னாலும் வடம் உண்டு. மலைத்தெரு ஏறும், உடனே இறங்கும். ஏற்றத்தில் முன்வடம் இழுக்கிறது. இறக்கத்தில் தேர் தானாக ஓடப் பார்க்கும். அப்போது பின்வடம் பிடித்திருப்பவர்கள் உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, குதிகாலை மண்ணில் ஊன்றி அதை நிறுத்துகிறார்கள். சமவெளியில் முட்டுக்கட்டை போடுகிறவர் செய்கிற வேலையை இங்கே ஒரு கூட்டமே செய்கிறது.

"முன்னால யாரு வேணா பிடிக்கலாம் தம்பி. பின்னால எங்க ஆளுகதான் பிடிப்போம். எந்த இடத்துல சறுக்கும்னு காலு அறிஞ்சிருக்கணும்ல?"

இதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அந்த ஊர் முழுசாகப் பிடிபட்டது. படிவயல் என்பதும் ஒரு பின்வடம்தானே? மழையில் கீழே ஓடிவிடத் துடிக்கும் மண்ணை ஒவ்வொரு வரப்பும் இழுத்துப் பிடிக்கிறது. இந்தச் சரிவில் பிடித்து நிறுத்தாத எதுவும் நிற்காது. மண்ணும் சரி, தண்ணீரும் சரி, மனிதர்களும் சரி. சாமியின் தேரையும் மக்கள் அப்படித்தான் பார்த்திருக்கிறார்கள். ஆகமம் படித்து வந்த வழக்கமாக எனக்குத் தோன்றவில்லை. நிலம் கற்றுக்கொடுத்த வழிபாடு இது.

மனிதர்களைப் பற்றிச் சொன்னேன். 2011 கணக்கெடுப்பில் கொடைக்கானல் நகரத்தின் மக்கள்தொகை 36,501. பூம்பாறை அதோடு ஒப்பிட முடியாத சிற்றூர். அதிலும் படித்த பிள்ளைகள் திண்டுக்கல், மதுரை, திருப்பூர் என்று இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஏக்கர் கணக்கில் நிலம் பிரித்துக்கொடுக்க இந்தப் பள்ளத்தாக்கில் இடமில்லை. பாகம் பிரியப் பிரிய வயல் ஒரு திண்ணை அகலத்துக்கு வந்துவிடுகிறது. பூண்டு விலை சரிந்தால் அந்த வருஷம் இன்னும் சிலர் இறங்குகிறார்கள். ஆனால் தேருக்கு எல்லோரும் மேலே வந்துவிடுகிறார்கள் என்றார் பெரியவர். கல்யாணமாகி வெளியூர் போன பெண்கள் பிள்ளைகளோடு வருகிறார்கள். சுற்றியுள்ள மேல்மலை ஊர்க்காரர்களும் கூடுகிறார்கள். பூம்பாறையின் தொகையை எண்ண வேண்டுமானால் கேட்டை நட்சத்திரத்தன்று எண்ண வேண்டும் என்பேன். மற்ற நாளில் எடுக்கும் கணக்கு, வீட்டில் இருப்பவர்களின் கணக்கு மட்டும்தான்.

பெரியவரின் பேரனும் அப்படி வருகிறவன்தான். கம்பெனியில் லீவு கிடைக்குமோ கிடைக்காதோ, பின்வடத்தில் அவனுக்கு ஓர் இடம் இருக்கிறதாம். அவன் அப்பா பிடித்த இடம். இதைச் சொல்லும்போது பெரியவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். கொடைக்கானலுக்குச் சொந்த வண்டியில் வருகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பஸ்ஸிலும் போகலாம், கொடைக்கானல் பஸ் நிலையத்திலிருந்து பூம்பாறைக்கு வண்டி உண்டு. வழியில் குறிஞ்சி ஆண்டவரைத் தரிசிக்க நினைத்தால், அந்தக் கோயில் நகரத்திலேயே இருக்கிறது. அதை முதலில் முடித்துக்கொள்வது நல்லது. வயதானவர்களை அழைத்துப் போனால் காலுறையும் கம்பளியும் அவசியம். சந்துகளின் படிகள் ஈரத்தில் வழுக்கும். பூண்டு வாங்குவதென்றால் வியூ பாயிண்டில் வாங்காமல் ஊருக்குள் திண்ணையில் கட்டு முடிகிற அக்காக்களிடம் வாங்குங்கள். காசு நேராக விளைவித்த கைக்குப் போகும்.

தேருக்குப் போகிறவர்கள் முந்தின நாளே மலையேறிவிடுவது நல்லது. முன்வடத்தில் வெளியூர்க்காரர்களுக்குத் தாராளமாக இடம் கிடைக்கும், ஆசைதீரப் பிடித்து இழுக்கலாம். பின்வடத்தை மட்டும் ஊர்க்காரர்களிடம் விட்டுவிடுங்கள்.