படுத்திருக்கும் கோல்ஸ்டனும் நிற்கும் கிளைவும்

இங்கிலாந்தின் பிரிஸ்டல் துறைமுகத்தின் ஓரத்தில் பழைய சரக்குக் கிடங்கு ஒன்றை எம் ஷெட் என்ற அருங்காட்சியகமாக மாற்றி வைத்திருக்கிறார்கள், உள்ளே போகக் கட்டணம் கிடையாது. அங்கே ஒரு வெண்கலச் சிலை மல்லாந்து படுத்திருக்கிறது. முகத்திலும் உடம்பிலும் சிவப்பு, நீலச் சாயம். அந்தச் சாயம் உதிர்ந்து போகாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே சிலை பாதுகாப்பு நிபுணர்கள் வேலை செய்திருக்கிறார்கள் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவமானத்தைக்கூடப் பதம் பார்த்துப் பத்திரப்படுத்தும் தேசம்.

படுத்திருப்பவர் எட்வர்ட் கோல்ஸ்டன், 1721இல் செத்துப்போன வியாபாரி. ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருந்தவர். அவர் அங்கே இருந்த காலத்தில் அந்தக் கம்பெனி சுமார் 84,000 ஆப்பிரிக்கர்களைக் கப்பலில் ஏற்றியதாகவும் அதில் 19,000 பேர் வழியிலேயே இறந்ததாகவும் கணக்குச் சொல்கிறார்கள். சேர்த்த பணத்தில் சொந்த ஊரில் பள்ளிக்கூடம், முதியோர் விடுதி எல்லாம் கட்டிக் கொடுத்தார். ஊரும் நன்றியோடு 1895இல் சிலை வைத்தது, இந்நகரம் பெற்ற ஒழுக்கமும் அறிவும் மிகுந்த பிள்ளைகளில் ஒருவர் என்று பீடத்தில் எழுதியும் வைத்தது. 2020 ஜூன் 7ஆம் தேதி அமெரிக்காவில் போலீஸ்காரர் ஒருவர் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பரைக் கொன்றதை எதிர்த்து நடந்த ஊர்வலத்தில் இளைஞர்கள் கயிறு கட்டி இழுத்துச் சாய்த்து, தெருவில் உருட்டிக்கொண்டு போய்த் துறைமுகத் தண்ணீரில் தள்ளினார்கள். நாலு நாள் கழித்து நகராட்சி வெளியே எடுத்துக் கழுவியபோது உள்ளேயிருந்து 1895ஆம் வருஷத்துப் பத்திரிகை ஒன்று சுருட்டியபடி கிடைத்தது. சிலை செய்தவர்கள் யாரோ செருகியிருக்க வேண்டும். வழக்கு நடந்து, குற்றம் சாட்டப்பட்ட நாலு பேரையும் 2022 ஜனவரியில் ஜூரி விடுவித்தது.

நான் நின்றிருந்தபோது ஒரு அப்பா தன் மகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். இவர் ரொம்பக் கெட்டவர், ஆனால் நிறைய தர்மம் செய்தார் என்றார். அந்தப் பெண், கெட்டவர் என்றால் ஏன் தர்மம் செய்தார் என்று கேட்டாள். அவர் கொஞ்ச நேரம் சிலையையே பார்த்துவிட்டு, வா, ஐஸ்கிரீம் சாப்பிடலாம் என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

பிரிஸ்டலில் எங்கே திரும்பினாலும் இந்த இரட்டை நிலைதான். சிலையைத் தள்ளிய இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நடைபாலம், பேர் பீரோ பாலம். பீரோ என்பவர் கரீபியனில் உள்ள நீவிஸ் தீவில் கரும்புத் தோட்டம் வைத்திருந்த ஜான் பின்னி என்ற பணக்காரர் சிறுவனாக விலைக்கு வாங்கிய அடிமை. பின்னியின் வீடும் அருங்காட்சியகமாக இருக்கிறது, ஜார்ஜியன் ஹவுஸ் என்று. நேர்த்தியான வீடு. கீழ்த்தளத்தில் முதலாளி குளிர்ந்த நீரில் முங்கி எழ ஒரு தொட்டிகூட உண்டு. அங்கேயிருந்து இறங்கி வந்தால் காலேஜ் கிரீனில் ராஜா ராம்மோகன் ராய் தலைப்பாகையோடு நிற்கிறார், 1833இல் இந்த ஊரில்தான் அவர் இறந்தார். அதே 1833இல்தான் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டது. இதைச் சொல்லும்போது மட்டும் இங்கே எல்லோருடைய குரலிலும் ஒரு தெம்பு வரும். நாங்கள் செய்தோம், நாங்களேதான் நிறுத்தினோம் என்கிற தெம்பு. நிறுத்துவதற்காக ஒதுக்கிய 2 கோடி பவுண்டு நஷ்டஈடு அடிமைகளின் சொந்தக்காரர்களுக்குப் போனது, அடிமைகளுக்கு ஒரு பென்னி கிடையாது. அதற்கு வாங்கிய கடனின் கடைசிப் பாக்கியை அரசு 2015இல்தான் அடைத்தது. 2018இல் நிதி அமைச்சகம் இதை ஏதோ சுவாரசியத் தகவல் மாதிரி, உங்கள் வரிப்பணத்தால் அடிமை வாணிபம் ஒழிந்தது என்று ட்விட்டரில் போட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டு நீக்கியது. பெருமைப்படப் போய் வெட்கப்பட நேர்ந்ததற்கு இதைவிடக் கச்சிதமான உதாரணம் கிடைக்காது.

நான் தங்கியிருந்தது சித்தி பெண் வீட்டில், அவள் அங்கே மருத்துவர். பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர், ஃபில்டன் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒலியைவிட வேகமாகப் பறந்த கான்கார்டு விமானத்தைக் கட்டிய கைகளில் அவருடையதும் ஒன்று. டீ குடிக்கக் கூப்பிட்டிருந்தார். போகும்போதே அவள், “அண்ணா, கான்கார்டு பத்தி எவ்வளவு வேணா கேளுங்க. கொடி பத்தி மட்டும் கேட்டுடாதீங்க” என்றாள். அப்படிச் சொன்னால் நான் கேட்காமல் இருப்பேனா.

முதலில் கான்கார்டு. 2003 நவம்பரில் கடைசி விமானம் ஃபில்டனில் வந்து இறங்கிய நாளைப் பற்றிச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. ஆனால் ஒரு வாக்கியத்துக்கு மேல் அந்தப் பெருமையை அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. “சத்தம் அதிகம், டிக்கெட் விலை அதிகம், லாபம் வரவே இல்லை, பாதி பிரெஞ்சுக்காரர்கள் செய்தது” என்று தானே அடுக்க ஆரம்பித்துவிட்டார். நம் ஊரில் பெரியவர்கள் பேரப் பிள்ளையைப் புகழ்ந்த கையோடு திருஷ்டி கழிக்கிற மாதிரி, இவர்கள் பெருமை பேசிய வாயாலேயே உடனே ஒரு கிண்டலையும் சேர்த்துவிடுகிறார்கள். நேராகப் பெருமைப்படுவது அமெரிக்கர்கள் செய்கிற வேலை என்று அவர்களுக்கு ஓர் எண்ணம்.

அப்புறம் கொடி. 2025 கோடையில் இங்கிலாந்தின் பல ஊர்களில் ராத்திரியோடு ராத்திரியாக விளக்குக் கம்பங்களில் வெள்ளையில் சிவப்புச் சிலுவை போட்ட செயின்ட் ஜார்ஜ் கொடியும் யூனியன் ஜாக்கும் ஏறின, சாலைச் சந்திப்பு வட்டங்களில் சிவப்புச் சிலுவை வரைந்தார்கள். நாட்டுப்பற்று, அதிலென்ன தப்பு என்றது ஒரு பக்கம். அதே மாதங்களில் அகதிகள் தங்கியிருந்த விடுதிகளுக்கு வெளியே நடந்த ஆர்ப்பாட்டங்களிலும் அதே கொடிகள்தான் பறந்தன. இரவுப் பணி முடித்து வரும்போது தெருமுனையில் புதிதாகக் கொடி தெரிந்தால் காரின் கதவு பூட்டியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்ப்பேன் என்று என் தங்கை முன்பே சொல்லியிருந்தாள். பெரியவர் சொன்னது வேறு மாதிரி. அவருடைய அப்பா அந்தக் கொடிக்காகப் போருக்குப் போனவர். கால்பந்துப் போட்டி நடந்தால் தயங்காமல் மாட்டலாம், ராஜாவுக்கு முடிசூட்டினால் மாட்டலாம், சாதாரண நாளில் மாட்டினால் “உங்கள் தங்கை என்னைப் பற்றி என்ன நினைப்பாள்? மாட்டாமல் இருந்தால் எவனோ என் கொடியைத் திருடிக்கொண்டு போன மாதிரி இருக்கிறது” என்றார். கொஞ்சம் கோபமாகவே சொன்னார். யார் மேல் கோபம் என்று எனக்கு விளங்கவில்லை, அவருக்கும் விளங்கியதாகத் தெரியவில்லை.

கோல்ஸ்டனைப் பற்றிக் கேட்டதற்கு, இறக்கியது சரி, இறக்கிய விதம்தான் சரியில்லை என்றார். இந்தப் பதிலைப் பிரிஸ்டலில் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட யாரைக் கேட்டாலும் சொல்கிறார்கள். அவர் இளவயதில் கச்சேரி கேட்கப் போன கோல்ஸ்டன் ஹாலுக்கு இப்போது பிரிஸ்டல் பீக்கன் என்று பேர். பேச்சில் பழைய பேர்தான் வருகிறது, வந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்துகிறார்.

கருத்துக்கணிப்புகளும் கிட்டத்தட்ட இந்தப் பெரியவரைத்தான் காட்டுகின்றன. 2014இல் யூகவ் நிறுவனம் கேட்டபோது பிரிட்டிஷ் பேரரசு பெருமைக்குரியது என்று 59 சதவீதம் பேர் சொன்னார்கள். 2020இல் வெளியான கணிப்பில் அது 32 சதவீதம்தான். ஆனால் வெட்கப்பட வேண்டியது என்றவர்கள் 19 சதவீதம் மட்டுமே, பெருமையும் இல்லை வெட்கமும் இல்லை என்று 37 சதவீதம் பேர் நழுவிக்கொண்டார்கள். என்னைக் கேட்டால் அந்த 37தான் அசல் பிரிட்டன்.

ஆனால் பிரிஸ்டல் மட்டும் ஏன் இவ்வளவு பேசுகிறது? எனக்குத் தோன்றிய காரணம் எளிமையானது. யாருக்கு அநியாயம் நடந்ததோ அவர்களுடைய வாரிசுகள் அதே ஊரில், அடுத்த தெருவில் இருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கரீபியன் தீவுகளிலிருந்து வந்தவர்கள் செயின்ட் பால்ஸ் பகுதியில் குடியேறினார்கள். 1963இல் உள்ளூர் பஸ் கம்பெனி கறுப்பர்களையும் ஆசியர்களையும் ஓட்டுநர், நடத்துநர் வேலைக்கு எடுக்க மறுத்தபோது ஊரே பஸ்ஸைப் புறக்கணித்தது. நாலு மாதத்தில் கம்பெனி பணிந்தது. அதற்குப் பிறகு முதலில் நடத்துநராகச் சேர்ந்தவர் ரக்பீர் சிங் என்ற சீக்கியர். இப்படிப் பழக்கமுள்ளவர்கள் பக்கத்திலேயே இருந்து, அந்தச் சிலையைத் தாண்டி நான் எப்படி வேலைக்குப் போவது என்று வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டே இருந்தால், ஒருநாள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கேட்க ஆள் இல்லாத ஊர் எப்படி இருக்கும் என்று பார்க்க ஷ்ரூஸ்பரிக்குப் போனேன். நியூபோர்ட்டில் ரயில் மாறி, ஹெரிஃபோர்டு வழியாக, வேல்ஸின் எல்லையை ஒட்டியே போகிற வழி. ஜன்னல் முழுக்க ஆடு, மேடு, மழை. வளைந்து ஓடும் செவர்ன் ஆற்றின் நடுவில் மரச்சட்டம் போட்ட பழைய வீடுகளோடு அழகான ஊர். சார்லஸ் டார்வின் 1809இல் பிறந்தது இங்கேதான், நூலகத்துக்கு முன்னால் அவர் சிலை இருக்கிறது. அந்தப் பெருமையில் எந்தச் சங்கடமும் இல்லை, கடைக்குக் கடை அவர் தாடி. கொஞ்ச தூரத்தில் சந்தைச் சதுக்கத்தில் ராபர்ட் கிளைவ் நிற்கிறார். சுற்றிலும் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிடுகிறார்கள்.

2020இல் இந்தச் சிலையையும் எடுக்கச் சொல்லி ஆயிரக்கணக்கானோர் மனு போட்டார்கள், கவுன்சில் இருக்கட்டும் என்று முடிவு செய்தது. வேடிக்கை என்னவென்றால், கிளைவ் உயிரோடு இருந்த காலத்தில் அவரை நினைத்து வெட்கப்பட்ட ஆங்கிலேயர்கள் நிறைய. பிளாசிப் போருக்குப் பிறகு 2,34,000 பவுண்டு தனக்கென்று வாங்கிக்கொண்டு வந்த ஆளை, கொள்ளைப் பணக்கார நவாப் என்று பத்திரிகைகள் கிழித்தன. 1773இல் நாடாளுமன்றம் விசாரித்தபோது, அள்ளுவதற்கு அவ்வளவு இருந்தும் இவ்வளவு அடக்கமாக நடந்துகொண்டேனே என்று வியக்கிறேன் என்ற பொருளில் பதில் சொன்னார். மறு வருஷமே செத்துப்போனார். இந்தச் சிலை வைத்தது 1860இல், 1857 கிளர்ச்சியை அடக்கிச் சில வருஷம்கூட ஆகாதபோது. லண்டனில் வெளியுறவு அலுவலகத்தின் பக்கம் நிற்கும் இன்னொரு கிளைவ் 1912ஆம் வருஷத்துச் சரக்கு. ஆக, வெட்கம்தான் பழையது, பெருமை பின்னால் வந்தது. கோல்ஸ்டனுக்கும் செத்து 174 வருஷம் கழித்துத்தானே சிலை. வரலாற்றை அழிக்காதீர்கள் என்று சொல்கிறவர்கள் எந்த வரலாற்றைச் சொல்கிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

சிலையை இறக்கி அருங்காட்சியகத்தில் வைக்கிற வேலையில் நமக்கு அனுபவம் அதிகம், அதையும் சொல்லிவிடுகிறேன். 1857இல் வட இந்தியாவில் கொடூரமாகப் பழிவாங்கிய கர்னல் நீலுக்கு மவுண்ட் ரோட்டில் சிலை இருந்தது. அதை எடுக்கச் சொல்லி 1927இல் சத்தியாகிரகம் நடத்திப் பலர் சிறைக்குப் போனார்கள். 1937இல் ராஜாஜி ஆட்சி அதை அங்கிருந்து எடுத்தது. இப்போது எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, சாயம் எதுவும் இல்லாமல்.

ஷ்ரூஸ்பரியிலிருந்து ரயிலில் கொஞ்ச நேரம் போனால் வெல்ஷ்பூல், அங்கேயிருந்து ஏறி நடந்தால் பொவிஸ் கோட்டை. கிளைவின் மகன் எட்வர்ட் அந்தக் கோட்டைக் குடும்பத்தில் பெண் எடுத்ததால் இந்தியாவிலிருந்து வந்த பொருள்கள் எல்லாம் அங்கே சேர்ந்தன. இந்த எட்வர்ட்தான் 1799இல் சீரங்கப்பட்டணம் விழுந்தபோது சென்னையில் ஆளுநர். திப்பு சுல்தானின் சிம்மாசனத்திலிருந்து பெயர்த்த தங்கப் புலித்தலை அங்கே இருக்கிறது. திப்புவின் சீட்டித் துணிக் கூடாரமும் இருக்கிறது, அதைக் கொஞ்ச காலம் தோட்ட விருந்துக்கு நிழலாகக் கட்டியிருந்தார்களாம். பூ வேலைப்பாடு இன்னும் புதுசு போல இருக்கிறது. பார்த்ததும் எரிச்சல் வந்தது, உடனே, நம்மிடம் இருந்திருந்தால் இந்தத் துணி இத்தனை வருஷம் தாங்கியிருக்குமா என்ற நினைப்பும் வந்தது, அந்த நினைப்பின் மேல் இன்னும் எரிச்சல் வந்தது. பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு 2020இல் தன் பொறுப்பில் உள்ள 93 இடங்களுக்குக் குடியேற்ற ஆதிக்கத்தோடும் அடிமை வாணிபத்தோடும் உள்ள தொடர்பை அறிக்கையாக வெளியிட்டது, இந்தக் கோட்டையும் அதில் உண்டு. சர்ச்சிலின் வீட்டையும் சேர்த்ததற்குப் பெரிய ரகளை நடந்தது.

அறையில் ஒரு வயதான அம்மா, சம்பளமில்லாமல் காவலுக்கு நிற்கும் தன்னார்வலர். ஊரைக் கேட்டார், திருச்சி என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. எட்வர்டின் மனைவி ஹென்ரியட்டா 1800இல் மகள்களோடு தென்னிந்தியாவில் பயணம் செய்தபோது திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் போயிருக்கிறார் என்றார். சொல்லி முடித்ததும், யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்திருக்க வேண்டும், காது சிவந்துவிட்டது. பள்ளியில் கிளைவைப் பற்றிப் படித்தீர்களா என்று கேட்டேன். ஆற்காட்டு முற்றுகையில் சிப்பாய்கள் சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு வடித்த கஞ்சியைத் தாங்கள் குடித்த கதையைச் சிறுவயதில் படித்தாராம். பேரப் பிள்ளைகள் எட்டாம் ஹென்றியையும் ஹிட்லரையும் படிக்கிறார்கள், நடுவில் ஒன்றுமே கிடையாது என்றார்.

எங்கள் ஊரில் தெப்பக்குளம் பக்கத்தில் கிளைவின் பேரில் ஒரு கல்லூரி விடுதியே இருக்கிறது, கிளைவ்ஸ் ஹாஸ்டல் என்றுதான் எல்லோரும் சொல்வோம் என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, “நீங்கள் ஏன் இன்னும் பேரை மாற்றவில்லை?” என்று கேட்டார்.

“யாரும் யோசித்ததே இல்லை” என்றேன்.

“இங்கேயும் அதேதான்” என்றவர், அதற்குள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் ஒன்று உள்ளே வந்துவிட்டதால், கூடாரத்தைத் தொடாதீர்கள் என்று சத்தம் போட்டுக்கொண்டே அந்தப் பக்கம் ஓடினார்.