தேர்வு நாளில் வராத பிள்ளைகள்

விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் மாலை நேரப் படிப்பு மையங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்து, கை கால் கழுவி, எதையாவது சாப்பிட்டுவிட்டு ஐந்து மணிக்குப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். கோயில் மண்டபமோ யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையோ, ஒன்றரை மணி நேரம் படிப்பும் விளையாட்டுமாகப் போகும். வருஷக் கடைசியில் நிதி கொடுக்கிறவர்கள் கேட்பது ஒரே ஒரு எண்: எத்தனை சதவீதம் பிள்ளைகள் முன்னேறியிருக்கிறார்கள்?

அதற்கு, பிள்ளைகளின் வாசிப்பு நிலையை அளக்கும் ஏசர் (ASER) சோதனைத் தாளைத்தான் எடுத்துப்போவோம். பிள்ளையைத் தனியாக உட்காரவைத்து முதலில் பத்தியைக் காட்ட வேண்டும், ஒன்றாம் வகுப்பு அளவில் நாலு எளிய வாக்கியம். தடங்கலில்லாமல் வாசித்தால் இரண்டாம் வகுப்பு அளவிலான கதை. திணறினால் சொற்கள், ஐந்தில் நாலு சொல்லையாவது சரியாக வாசிக்காவிட்டால் எழுத்துகள். ஒருமுறை மார்ச்சில், நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி விரலை வரிக்கு அடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக வாய்க்குள் முணுமுணுத்துச் சேர்த்துவிட்டு, அப்புறம் முழுச் சொல்லையும் சத்தமாகச் சொன்னாள். அப்படியே நாலு வாக்கியத்தையும் முடித்தாள், நெடுநேரம் ஆனது. விதிப்படி அவளுக்கு ‘சொல்’ என்றுதான் குறிக்க முடியும். வருஷ ஆரம்பத்தில், ஜூனில் வைத்த சோதனையிலும் அதேதான். ஆனால் ஜூனில் பத்தியைக் கண்டதுமே தாளைக் கவிழ்த்து வைத்துவிட்ட பிள்ளை அவள். அந்த வித்தியாசத்தைக் குறிக்கத் தாளில் கட்டம் கிடையாது, சதவீதத்தில் அவள் ‘முன்னேறாதவள்’.

இதற்கு நேர்மாறான தப்பையும் நான் செய்திருக்கிறேன். கொரோனாவுக்குப் பிறகு 2021 நவம்பரில் சின்ன வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தார்கள். அப்போது ஒருமுறையும் அடுத்த ஏப்ரலில் ஒருமுறையும் அளந்தோம், எண் அருமையாக ஏறியிருந்தது. முழுவதும் எங்கள் மையத்தால்தான் என்று அறிக்கையில் எழுதினேன். நம்பித்தான் எழுதினேன்.

பிறகு ஒரு ஆய்வைப் படித்தேன். அபிஜீத் சிங், மவுரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளை அளந்தது. தொற்றுக்காலத்தில் இழந்த படிப்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறே மாதத்தில் மீண்டுவிட்டது. அப்படி மீண்டதில் ஏறக்குறைய 24 சதவீதம் தமிழக அரசின் இல்லம் தேடிக் கல்வி மாலை வகுப்புகளால் வந்தது என்பது அவர்கள் கணக்கு. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்குத் தினமும் சாயங்காலம் பிள்ளைகளோடு உட்கார்ந்த அந்தத் தன்னார்வலர்களை நினைத்தால் இந்தக் கால்பங்கு எனக்குப் பெரிய விஷயம்தான். ஆனால் மீதி முக்கால்பங்கு மாலை வகுப்பு இல்லாமலே வந்திருக்கும் என்பதுதானே அதற்கு அர்த்தம்? முன்னே ஒரு அளவு, பின்னே ஒரு அளவு, நடுவில் வந்ததெல்லாம் நம்முடையது என்று நான் எழுதியதில் பள்ளிக்கூட டீச்சர்களின் உழைப்பும் சேர்ந்திருந்தது. வகுப்புக்கு வராத பிள்ளைகளையும் அளந்து ஒப்பிட்டுப் பார்க்காமல் நம் பங்கு எவ்வளவு என்று சொல்லவே முடியாது, அதை எனக்கு யாரும் முன்னால் சொல்லித்தரவில்லை.

அதன்பிறகு பழைய பதிவேடுகளை எடுத்து மறுபடி பார்க்க உட்கார்ந்தேன். ஒரு மையத்தில் ஜூனில் 24 பேருக்குச் சோதனை வைத்திருக்கிறோம், மார்ச்சில் 15 பேருக்கு. சதவீதத்தை அந்த 15 பேரை வைத்தே போட்டிருக்கிறேன்! மற்ற 9 பேர் பெயருக்கு நேரே வெறும் கோடு. யார் அவர்கள் என்று ஜூன் தாளைப் புரட்டினால், பாதிக்கு மேல் எழுத்து நிலையில் இருந்த பிள்ளைகள். யாருக்காக மையத்தை ஆரம்பித்தோமோ அவர்கள் நின்றுபோனதால்தான் எண் உயர்ந்திருக்கிறது. அன்றைக்கு ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை.

அடுத்த வாரம் அந்த மையத்து அக்காவோடு 9 வீட்டுக்கும் போனேன். இரண்டு குடும்பம் கரும்பு வெட்டப் போயிருந்தது. ஒரு பையன் படிப்பு பிடிக்கவில்லை என்று நேராகவே சொன்னான். நாலு வீட்டில் ஒரே காரணம், எல்லாம் பெண் பிள்ளைகள். அம்மா சித்தாள் வேலைக்குப் போய்த் திரும்ப ஆறரை ஆகிறது, அதுவரை தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருத்தி இடுப்பில் தம்பியை வைத்துக்கொண்டே வாசலில் நின்று, “டீச்சர், சின்னப் பசங்கள கூட்டிட்டு வரக்கூடாதுன்னு சொன்னீங்களே” என்றாள். அக்கா என்னைப் பார்த்தார். அந்த விதியைப் போட்டது நான்தான், சத்தம் அதிகமாகிறது என்று.

அந்த வருஷ அறிக்கையில் 24 பேரையும் கணக்கில் வைத்தே சதவீதம் போட்டேன், எண் நன்றாகவே இறங்கியது. நிதி கொடுத்த இடத்திலிருந்து ஏன் என்று கேட்டு வந்த ஃபோனுக்கு, வராத பிள்ளைகளின் பட்டியலைக் காரணத்தோடு அனுப்பினேன். ஜூனில் அந்த மையத்துக்கு இன்னொரு பாயும் கொஞ்சம் மரக்கட்டை பொம்மைகளும் வாங்கிப் போட்டோம். நாலு பெண் பிள்ளைகளில் மூன்று பேர் வருகிறார்கள், தம்பிகளோடு. சத்தம் அதிகம்தான்.