உளுத்தம்மாப் புட்டும் 77 கிராம் கணக்கும்

நாள்தோறும் கொக்குவிலிலிருந்து யாழ்ப்பாண நகரத்துக்குச் சைக்கிளில் போய்வந்து, பின்னேரத்தில் கரப்பந்தும் ஆடுகிற எனக்கு, முந்திய ஆண்டு வரையில் காலையுணவு என்றால் அரிசிமாப் புட்டும் சம்பலும் ஒரு வாழைப்பழமும்தான். வயிறு நிறைந்துவிடும், ஆனாலும் பத்தரை மணிக்கெல்லாம் பசி எடுக்கும், ஆட்டத்துக்கு மறுநாள் தொடைகள் விறைத்துக் கிடக்கும். உடற்பயிற்சிக் கூடமொன்றில் விசாரித்தபோது, நான் என்ன சாப்பிடுகிறேன் என்றுகூடக் கேளாமல், என் ஒரு வாரச் சம்பளத்தை விழுங்கக்கூடிய புரதமாப் பேணியொன்றை நீட்டினார்கள். வாங்காமல் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

என் நிறை 64 கிலோ. உடலுழைப்புக் குறைந்தவருக்கு நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 0.8 கிராம் புரதம் போதும்; ஒழுங்காக உடற்பயிற்சி செய்பவருக்கு 1.2 முதல் 2 கிராம் வரை வேண்டும். கீழெல்லையை எடுத்தாலும் எனக்கு நாளொன்றுக்கு 77 கிராம். 120 கிராம் அரிசிமாவில் அவித்த புட்டில் இருப்பதோ 8 கிராம் அளவே. இரவில் இடியப்பமும் சொதியும் என்பதால், அந்நாளின் புரதம் முழுவதும் மத்தியானக் குழம்பில் கிடக்கும் மீன்துண்டையே நம்பியிருந்தது. ஒரே வேளையில் கொட்டுவதைவிட, வேளைக்கு 20, 25 கிராமாகப் பங்கிட்டு உண்பதே தசைகளுக்கு உகந்தது.

இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "அக்கா சாமத்தியப்பட்ட நேரம் உளுத்தம்மா இடிச்சுக் குடுத்தது மறந்துபோச்சே தம்பி?"

பருவமடைந்த பெண்பிள்ளையை உளுத்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுத்துத் தேற்றத் தெரிந்த நாங்கள், அந்த அறிவைச் சில வாரங்களோடு ஏன் மூட்டை கட்டி வைத்துவிடுகிறோம் என்பது எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. கோது நீக்கிய உளுந்தைப் பொன்னிறமாக வறுத்து, ஆறவிட்டு, அரைத்து அரித்தெடுத்து, மூன்று பங்கு அரிசிமாவுக்கு ஒரு பங்கு சேர்க்கிறோம். முதல் நாள் ஆசை மிகுதியில் சரிபாதி போடச் சொன்னேன். குழைக்கும்போதே மா பிசுபிசுத்து, புட்டுக் குழலிலிருந்து களிக்கட்டிதான் விழுந்தது. அளவாகச் சேர்த்தால் அதே புட்டில் புரதம் 13 கிராமைத் தாண்டும். அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்னும் அமினோ அமிலத்தை உளுந்து ஈடுசெய்யும். அவித்த முட்டை இரண்டு சேர்ந்தால் காலைக் கணக்கு 25. பத்தரை மணிப் பசி ஒரு வாரத்தில் போய்விட்டது.

மத்தியானத்துக்கு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் பாரையையும் விளைமீனையும் தேடி நிற்பதை விட்டுவிட்டேன். சூடை மீன் மலிவு, நூறு கிராமில் 20 கிராம் அளவு புரதம் இருக்கிறது, புளிவிட்டு வற்றவைத்தால் முள்ளோடு உண்ணலாம் என்பதால் கல்சியமும் கிடைக்கிறது. சோற்றைக் குறைக்கவில்லை, ஏனெனில் ஓடி ஆடுபவனுக்கு மாப்பொருளும் வேண்டும். முருங்கையிலை வறை மட்டும் கூடியது. சிறுநீரக நோய் உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டுமுன் வைத்தியரைக் கேட்பது அவசியம்.

எனக்கு உண்மையான சோதனை நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா. கொடியேறினால் எங்கள் வீட்டில் 25 நாளும் மீன், இறைச்சி, முட்டை என்று மச்சம் எதுவும் இல்லை. முந்திய ஆண்டு அந்நாட்களில் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் அப்பளமுமாக ஓட்டி, இரண்டு கிலோ இளைத்து, பந்தை வலைக்கு மேலே அடிக்கவும் வலுவில்லாமல் நின்றேன். இம்முறை கொடியேற்றத்துக்கு முதல்நாள் இரவே கடலை ஊறப்போட்டாயிற்று. ஒரு கோப்பை அவித்த கடலையில் 14 கிராம் அளவு புரதம். அதனோடு கட்டிப்பருப்பு, தயிர், பின்னேரத்தில் ஒரு பிடி வறுத்த கச்சான் (நிலக்கடலை), இரவில் சோயாமீற் குழம்பு. திருவிழா முடிந்து அம்மா மீன்சட்டியைப் பரணிலிருந்து இறக்கிய அன்று நிறை பார்த்தேன். முள் 64இல் நின்றது.