மணிக்கயிறு

அக்டோபர் 4, சனி

காலைல அஞ்சரைக்கு அம்மா போன் பண்ணாங்க. பெரியப்பா தூக்கத்துலயே தவறிட்டாரு. ஓசூர்ல தருமபுரி பஸ் புடிச்சி, அங்க எறங்கி பொம்மிடி பஸ் மாறி ஊருக்கு வர்றதுக்குள்ள பத்தரை ஆயிடுச்சு. வழி முழுக்க அழுகையே வரல. மாதா கோயில் மணி கேட்டப்பதான் வந்துச்சு, ஏன்னா தப்பு தப்பா அடிச்சானுங்க. துக்க மணின்னா ஒரு அடி அடிச்சி அந்த சத்தம் முழுசா அடங்கற வரைக்கும் காத்திருந்து அப்புறம்தான் அடுத்த அடி. நாப்பது வருஷமா இந்த ஊர்ல யாரு செத்தாலும் அப்படி அடிச்சது பெரியப்பாதான். இன்னிக்கி அவருக்கு எவனோ ஒரு பையன் பள்ளிக்கூட பெல்லு மாதிரி டங்கு டங்குன்னு அடிக்கறான். இத கேட்டா எந்திரிச்சி வந்து திட்டுவாருன்னு நெனச்சேன்.

எந்திரிச்சின்னு எழுதிட்டேன் பாருங்க. அந்த மனுசன் ஒருநாளும் எந்திரிச்சி நின்னதில்ல.

அக்டோபர் 5, ஞாயிறு

சாயங்காலம் அடக்கம் முடிஞ்சிது. பெட்டிய மூடற நேரத்துல அத்தை ஒரு ஜோடி ரப்பர் செருப்ப கொண்டாந்து உள்ள வைக்கணும்னு ஒரே அழுகை. பெருசுங்க வேணாம்னுட்டாங்க.

அது கால் செருப்பு இல்ல. கைக்கு போடறது. ரெண்டு கையிலயும் செருப்ப மாட்டி தரையில ஊனி ஒடம்ப தூக்கி முன்னாடி வைப்பாரு, சூம்பிப்போன கால் ரெண்டும் பின்னாடி இழுபட்டு வரும். எல்லார் செருப்பும் குதிகால்லதான் தேயும், அவருது உள்ளங்கை அழுந்தற எடத்துல காகிதம் மாதிரி தேஞ்சி வார் மட்டும் புதுசா இருக்கும். பூசைக்கு வந்தா மத்தவங்க செருப்போட வரிசையா வெளில விட்டுட்டு வெறுங்கையோடதான் உள்ள போவாரு.

அக்டோபர் 7, செவ்வாய்

ஜெபமாலை மாதா திருநாள். வீட்ல எல்லாரும் உக்காந்து அம்பத்தி மூணு மணி செபம் சொன்னோம், அப்புறம் பேச்சு அவர பத்தியே போச்சு.

1962ல பொறந்தவரு. ஒன்ற வயசுல காய்ச்சல்னு ஆயா தூக்கிட்டு போயி ஊசி போட்டாங்க, ரெண்டு நாள்ல கால் தொவண்டுடுச்சு. ஊசிதான் கால கெடுத்துச்சுன்னு ஆயா சாவற வரைக்கும் தன்னையே திட்டிக்கிட்டாங்க. அது முழுசா தப்பும் இல்லியாம். போலியோ கிருமி ஏற்கெனவே ஒடம்புல இருக்கறப்ப சதையில ஊசி போட்டா அந்த கால்ல வாதம் வர்ற வாய்ப்பு கூடும்னு டாக்டருங்களே சொல்றாங்க. ஆனா ஆயாவுக்கு அப்ப அது எப்படி தெரியும்.

1995ல நாடு முழுக்க போலியோ சொட்டு மருந்து ஆரம்பிச்சப்ப நர்சம்மா கூட மூணு சக்கர சைக்கிள்ல தெருத்தெருவா போனாரு. எங்க புள்ளைக்கு வேணாம்னு கதவ சாத்தற வீட்டு வாசல்ல எறங்கி உக்காந்துக்குவாரு. "இந்தா பாரும்மா, என் கால நல்லா பாத்துக்க, அப்புறம் உன் இஷ்டம்." வேற எதுவும் பேச மாட்டாரு.

நம்ம நாட்டுல இயற்கையா பரவற போலியோ கிருமி கடைசியா ஒரு கொழந்தைக்கு வந்தது 2011 ஜனவரில, ஹவுராவுல. 2014 மார்ச் 27 அன்னிக்கி இந்தியாவுல போலியோ இல்லன்னு உலக சுகாதார நிறுவனம் சர்டிபிகேட் குடுத்துச்சு. சேதி கேட்டதும் இவரு போயி கோயில் மணிய விடாம அடிச்சிருக்காரு, அதுவும் தவக்காலத்துல! யாரு செத்தது, எங்க தீ புடிச்சிதுன்னு ஊரே ஓடியாந்துச்சு. ஃபாதர் கோவமா கேட்டதுக்கு "போலியோ செத்துடுச்சு சாமி, அதுக்குதான் மணி"ன்னாராம்.

அக்டோபர் 12, ஞாயிறு

ஓசூர் வந்துட்டேன். இங்க பூசைல உக்காந்தும் அவரு நெனப்புதான்.

சுகமளிக்கும் கூட்டம்னா அவருக்கு ஆகாது. நான் சின்னவளா இருக்கறப்ப என்னையும் கூட்டிட்டு அப்படி ஒரு கூட்டத்துக்கு போனாரு, அத்தை தொல்லை தாங்காம. பிரசங்கம் பண்றவரு இவரு தலைல கை வெச்சி எழுந்து நட எழுந்து நடன்னு கத்த, மொத்த கூட்டமும் இவரு காலயே பாக்குது. இவரு மெதுவா "ஐயா, ஆறு மணிக்கு நான் திரிகால மணி அடிக்கணும், கொஞ்சம் சீக்கிரம் பாருங்க"ன்னாரு. திரும்பி வர்றப்ப ஒரு வார்த்த பேசல. அந்த முகத்த நான் மறக்கவே இல்ல. விசுவாசம் பத்தலன்னு பின்னாடி எவனோ சொன்னது எனக்கே கேட்டுச்சு, அவருக்கு கேக்காமலா இருந்திருக்கும்.

ஆனா மாற்கு ரெண்டாம் அதிகாரத்துல முடக்குவாதக்காரன நாலு பேரு கூரைய பிரிச்சி எறக்கற கத அவருக்கு உசுரு. அவன் நடந்தத விட்டுடுவாரு. "வீட்டுக்காரன் என்னா திட்டு திட்டியிருப்பான் கண்ணு? கூரைய பிரிச்சவனுங்கதான் ஆளு."

எங்க கோயில் வாசல்ல படி அஞ்சு. ஒரு சறுக்குப்பாதை போட்டு குடுங்கன்னு அவரு கேட்டது ஒரே ஒரு வாட்டி. உங்களுக்குதான் பழகிடுச்சேன்னு பதில் வந்துச்சு. கூரைய பிரிக்கறதெல்லாம் இருக்கட்டும், நாலு மூட்ட சிமெண்ட் வேல அது.

அக்டோபர் 19, ஞாயிறு

தீபாவளி லீவுக்கு ஊருக்கு வந்தேன். மணிக்கூண்டுக்கு போயி பாத்தேன். உக்காந்தபடியே எட்டறதுக்காக அவரு கெணத்து கயிறு ஒண்ண முடிச்சி போட்டு கீழ வரைக்கும் எறக்கி வெச்சிருந்தாரு. நுனில லுங்கித் துணி சுத்தி, கை பட்டு பட்டு கறுத்து பளபளன்னு கெடக்கு. மோந்து பாத்தேன். பீடி வாசன.

செருப்பு இன்னும் வாசல்லயே இருக்கு, யாரும் எடுக்கல.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். ராயக்கோட்டை சாமந்தி ரெண்டு மொழம், மெழுகுவத்தி ஒரு பாக்கெட். காத்துல எதுவும் நிக்கல, அத்தை முந்தானைய அண்டக் குடுத்து குடுத்து பத்த வெச்சாங்க.

ஃபாதர் கல்லறைங்கள மந்திரிக்கறதுக்கு முன்னாடி மணி அடிக்க போன பையன் என்ன கூப்ட்டான். "அக்கா, கீழ தொங்கற கயித்த அறுத்துடட்டா, கால்ல மாட்டுது." நீ உக்காந்து அடிச்சி பாருடா, மாட்டாதுன்னேன். ஒரு மாதிரி பாத்தான், அப்புறம் உக்காந்தான். ஒரு அடி அடிச்சிட்டு சத்தம் அடங்கற வரைக்கும் இருன்னு சொன்னேன்.

மொத ரெண்டு அடியும் சரியா அடிச்சான். மூணாவத கொஞ்சம் சீக்கிரம் அடிச்சிட்டான்.