கயிறு லேசாக வந்தால் சைலன்சரைக் கழற்றிப் பாருங்கள்

ஸ்டார்ட் ஆகாத செயின்சாவைக் கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் கார்புரேட்டரைத்தான் குறை சொல்வார்கள். பிளக் மாற்றியாச்சு, பெட்ரோல் மாற்றியாச்சு, கார்புரேட்டரைக் கழுவியாச்சு, அப்படியும் வரவில்லை என்பார்கள். நான் முதலில் ஸ்விட்சை ஆஃப் செய்துவிட்டு, ஸ்டார்ட்டர் கைப்பிடியைப் பிடித்து மிஷினை அப்படியே தொங்கவிடுவேன். நல்ல எஞ்சின் என்றால் நின்று நின்று, ஒவ்வொரு சுற்றாக மெதுவாக இறங்கும். தேய்ந்த எஞ்சினில் பிஸ்டன் காற்றை அழுத்துகிற அழுத்தம், அதாவது கம்ப்ரஷன், குறைந்திருக்கும்; அது சர்ரென்று கீழே வந்துவிடும். கயிறு இழுக்க எளிதாக இந்த அழுத்தத்தைக் கொஞ்சம் வெளியே விடுகிற டீகம்ப்ரஷன் பட்டன் உள்ள மிஷினில் அது அமுங்கியிருக்கிறதா என்று முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அமுங்கியிருந்தால் புது எஞ்சினும் நோஞ்சானாகத்தான் தெரியும்.

இன்னொரு அறிகுறி, சூட்டில் வருகிற தகராறு. காலையில் இரண்டு மூன்று இழுப்பில் பிடிக்கும். ஒரு டேங்க் ஓடி முடித்து, பெட்ரோல் ஊற்றி மறுபடி இழுத்தால் பிடிக்கவே பிடிக்காது. ஆறவிட்டால் திரும்பவும் வரும். சூட்டில் ஆயில் இளகிவிடுவதால் பிஸ்டனைச் சுற்றியிருக்கிற தேய்ந்த ரிங் ஓரமாகக் காற்று இன்னும் அதிகமாகக் கசியும். ஆனால் சூட்டில் இக்னிஷன் காயில் மக்கர் செய்தாலும் இதே கதைதான். அதனால் சூடு ஆறுவதற்குள் ஸ்பார்க் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஸ்பார்க் நன்றாக இருந்து, கயிறு மட்டும் லேசாக வந்தால் கம்ப்ரஷன் அளக்கிற கேஜை எடுக்கலாம்.

கேஜில் ஒரு விஷயம். அதன் வால்வு, பிளக் துளையில் திருகுகிற முனையிலேயே இருக்க வேண்டும். குழாயின் மறுமுனையில் வால்வு இருக்கிற கேஜும் உண்டு. 40, 50 சிசி எஞ்சினில் எரிஅறையே சில சிசி அளவுதான். குழாய்க்குள் இருக்கும் இடமும் அதோடு சேர்ந்துகொண்டால் முள் உண்மையை விடக் குறைவாகவே காட்டும். அதை நம்பி நல்ல சிலிண்டரைக் கழற்றிப் போட்டவர்கள் இருக்கிறார்கள். த்ராட்டிலை முழுதாகத் திறந்துவைத்து, முள் இனி ஏறாது என்கிற வரை இழுங்கள். 120 பிஎஸ்ஐக்கு மேல் இருந்தால் கவலையில்லை, 150-ஐத் தொட்டால் அருமை. 100-க்குக் கீழே போனால் ஸ்டார்ட் ஆவதே கஷ்டம். மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும். பெட்ரோல் அதிகம் குடித்து நனைந்த எஞ்சினில் சிலிண்டர் சுவரில் இருந்த ஆயில் கழுவப்பட்டுப் போயிருக்கும், அப்போதும் முள் குறைவாகத்தான் நிற்கும். பிளக் துளை வழியாக இரண்டு சொட்டு டூ-ஸ்ட்ரோக் ஆயில் விட்டு, மெதுவாகச் சில தடவை சுற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

சரி, முள் 85-இல் நிற்கிறது. ரிங் வாங்கப் போகலாமா? கூடாது. கம்ப்ரஷன் குறைவு என்பதைத்தான் முள் சொல்லும், ஏன் என்பதைச் சொல்லாது. அதற்கு சைலன்சரைக் கழற்ற வேண்டும். பெரும்பாலான மிஷின்களில் இரண்டு மூன்று போல்ட்தான், எனக்குப் பிடித்த வேலையும் அதுதான். எக்ஸாஸ்ட் துளைக்கு நேராக டார்ச் அடித்து, கயிற்றை மெல்ல மெல்ல இழுத்தால் பிஸ்டன் ஏறி இறங்குவது தெரியும். ஆரோக்கியமான பிஸ்டனின் பக்கவாட்டில் லேத்தில் கடைந்த மெல்லிய குறுக்குக் கோடுகள் அப்படியே இருக்கும். ரிங் பளிச்சென்று முழு வட்டமாகத் தெரியும். மரக்குச்சியால் லேசாக அழுத்தினால் உள்ளே போய்த் திரும்ப வரும். அசையாவிட்டால் கார்பனில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேலிருந்து கீழாகக் கீறல்கள் ஓடி, அலுமினியம் இழுபட்டு ரிங் மேலேயே பூசியிருந்தால், அந்த பிஸ்டன் முடிந்தது.

கீறல் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். எக்ஸாஸ்ட் பக்கம்தான் அதிகம் சூடாவது, ஆயில் படலம் முதலில் அறுவதும் அங்கேதான். எனவே அங்கே மட்டும் கீறல் என்றால் ஆயில் கலக்காத பெட்ரோல், அல்லது பெட்ரோல் குறைந்து காற்று அதிகமான கலவை. இன்டேக் பக்கம் சாம்பல் நிறத்தில் மங்கி, கடைந்த கோடுகள் அழிந்திருந்தால் தூசி உள்ளே போயிருக்கிறது. ஏர் ஃபில்டர் கிழிந்திருக்கும் அல்லது சரியாக உட்கார்ந்திருக்காது. இந்தப் பக்கத்தைப் பார்க்க கார்புரேட்டரையும் கழற்ற வேண்டும், சோம்பல்படாதீர்கள்.

காற்று அதிகமான கலவைக்கு கார்புரேட்டர் ஸ்க்ரூவை மட்டும் சந்தேகப்பட்டால் போதாது. கிராங்க் தண்டு ஓரமாகக் காற்று கசியாமல் அடைக்கிற ஆயில் சீல் தேய்ந்திருக்கலாம், கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் வெடித்திருக்கலாம், சிலிண்டருக்கு அடியில் இருக்கிற கேஸ்கெட் விட்டிருக்கலாம். எக்ஸாஸ்டையும் இன்டேக்கையும் அடைத்து, பிளக்கை மாட்டி, கிராங்க் கேஸுக்குள் 0.5 பார் அளவுக்குக் காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி வருகிற இடம் தெரிந்துவிடும். கிராங்கைச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள், சில சீல் ஒரு நிலையில் மட்டும் கசியும். வேக்யூம் வைத்தும் பார்க்க வேண்டும், உள்ளே இழுக்கும்போது மட்டும் கசிகிற சீலும் உண்டு. இதைச் செய்யாமல் புது பிஸ்டனைப் போட்டு ஓட்டினால் அதுவும் அதே பக்கம் கீறல் விழுந்து திரும்பி வரும். காசும் போய், மிஷின் மேல் இருந்த நம்பிக்கையும் போய்விடும். அதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாக இருக்கும்.

சிலிண்டரை உடனே தூக்கி எறியாதீர்கள். உள்ளே தெரிகிற கோடுகள் பல நேரம் பிஸ்டனிலிருந்து ஒட்டிய அலுமினியம்தான். நகத்தை ஓட்டிப் பாருங்கள். மேடாகத் தட்டினால் ஒட்டியது, பொறுமையாக எமரி தாள் போட்டு எடுத்துவிடலாம். பள்ளமாக இறங்கினால் சிலிண்டர் உள்சுவரின் கடினப் பூச்சே போய்விட்டது, அப்போது சிலிண்டரும் மாற்றத்தான் வேண்டும்.

புது பிஸ்டனும் ரிங்கும் போட்டவுடன் கேஜ் காட்டுவது முழு அளவு இல்லை. ரிங் உட்கார சில டேங்க் ஆகும், அதன் பிறகு கொஞ்சம் ஏறும். 50-க்கு 1 கலவை என்றால் லிட்டருக்கு 20 மில்லி ஆயில், கண்ணளவில் ஊற்ற வேண்டாம். அப்புறம் ஒரு தடவை கம்ப்ரஷன் அளந்து, அந்த எண்ணையும் தேதியையும் ஃபில்டர் மூடியின் உள்பக்கம் மார்க்கரால் எழுதி வையுங்கள். அடுத்த தடவை கயிறு லேசாக வருகிறதோ என்று தோன்றும்போது ஒப்பிட்டுப் பார்க்க அதே மிஷினின் கணக்கு கையில் இருக்கும்.