இலுப்பைக்காகப் போன தூது

ஊருக்குக் கிழக்கே பட்டா நிலத்தில் நிற்கும் இலுப்பைக்கு மரவியாபாரி முன்பணம் கொடுத்துவிட்டார் என்று தெரிந்ததும், பத்துப் பேர் திரண்டு உரிமையாளர் வீட்டுக்குப் போனோம். யோசனை என்னுடையது, சுத்த முட்டாள்தனம். "என் மரத்துக்கு நீங்கள் என்ன பஞ்சாயத்து?" என்று அண்ணன் கதவைச் சாத்திவிட்டார். அவர் கேட்டதும் நியாயம்தானே!

பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அந்த அறிவிப்பில் இலுப்பை இல்லை.

மறுவாரம் நானும் சித்தப்பாவும் மட்டும் போனோம். மரப்பேச்சையே எடுக்கவில்லை. அவராகச் சொன்னார்: மாட்டுக்கொட்டகை மேல் சாய்ந்த காய்ந்த கிளைதான் பயமாம். போன ஐப்பசி மழையில் ஒரு கிளை முறிந்து, கன்றுக்குட்டி மயிரிழையில் தப்பியிருக்கிறது. இது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

இப்போது பேசி முடித்தாகிவிட்டது. முன்பணத்தைத் திருப்புவதும் கிளை கழிக்கும் கூலியும் எங்கள் பொறுப்பு. ஆனி, ஆடியில் உதிரும் கொட்டை முழுக்க அவருக்கே (எண்ணெய் கேட்கும் பூசாரி அவரிடமே பேசிக்கொள்ளட்டும்). மரநிழல் விழும் இடம் வரை டிராக்டர் உழாது. சல்லிவேர்கள் மேல்மண்ணில்தான் ஓடுகின்றன.

நேற்று அடிமரத்தில் இருந்த டியூஷன் விளம்பரத் தகட்டைப் பிடுங்கினோம். இரண்டு ஆணிகளைப் பட்டை விழுங்கியிருந்தது, அவற்றை அப்படியே விட்டுவிட்டோம்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கிளை கழிக்கிறோம். தடித்த கயிறு வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள். பத்துப் பேராக வரலாம், இந்த முறை அண்ணனே அழைத்திருக்கிறார்.